பட்டன் இல்லாத சட்டை

கத்திரி என்றால் அந்த ஆபீஸ் கட்டடத்தில் தெரியாத ஆள் கிடையாது. மாடிப்படிக்குக் கீழே, மின்சார மீட்டர் பெட்டிகளை ஒட்டினாற்போல் ஒரு தையல் மிஷின், ஒரு ஸ்டூல், ஒரு பல்பு. அவ்வளவுதான் அவள் கடை. பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்பைப் பிரித்துத் தைப்பது, இவைதான் வேலை. அந்தப் பட்டப்பெயர் தொழிலால் வந்ததா வாயால் வந்ததா என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவள். "துணி சுருங்கிப்போச்சும்மா, இடுப்பைக் கொஞ்சம் பெருசாக்கணும்" என்று யாராவது வந்தால், "துணி அப்படியேதான் சார் இருக்கு, நீங்கதான் வளர்ந்துட்டீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் டேப்பை எடுப்பாள். அப்படியும் ஆட்கள் வந்தார்கள். அவள் தைத்த இடம் பிரிந்ததாகச் சரித்திரம் இல்லை.

முதல் கல்யாணம் ஒன்று இருந்தது. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது, வேலை தேடிப் போகிறேன் என்று போனவன் வேலையோடு வேறு ஒருத்தியையும் தேடிக்கொண்டான். அவனைப் பற்றி இதற்கு மேல் ஒரு வரி எழுதினாலும் அது அவனுக்கு மரியாதை. கோர்ட்டுக்குப் போய் அவனை வெட்டிவிட்டு, கைக்குழந்தையைத் துணிக் கூடையில் படுக்கவைத்து, கூடையை மிஷினுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் வேலையைப் பார்த்தாள்.

அந்தக் குழந்தைக்குக் கடைத் துணி என்று ஒன்று வாங்கியதே இல்லை. எல்லாம் பழைய துணியில் தைத்ததுதான். ஆபீஸ் ஆட்கள் வேண்டாம் என்று ஒதுக்கியதைக் கொண்டுவந்து அவளிடம் போட்டுவிட்டுப் போவார்கள். ஒருநாள் மட்டும் போட்டு, அளவு சேராமல் தூக்கிப்போட்ட சட்டைகூட அதில் வரும். ஒரு சட்டையில் முதலில் போவது காலரும் முழங்கையும்தான். முதுகு அப்படியே இருக்கும். பேன்ட்டில் முழங்கால் போகும், கெண்டைக்கால் பக்கம் அசையாது. தேய்ந்ததைத் தள்ளிவிட்டு நல்லதை மட்டும் எடுப்பாள். சட்டையின் முன்பக்கத்தைத் திருப்பி முதுகுக்குக் கொண்டுபோனால் பட்டன் காஜாவோடு பின்திறப்பு தயார். பாக்கெட்டை மட்டும் எந்த உடுப்பிலும் விடமாட்டாள், ஏனென்றால் குழந்தைக்குப் பாக்கெட் என்றால் உயிர்.

"பாவம், பிள்ளைக்குப் பழசையே போட்டு வளர்க்கிறியே" என்று மூன்றாம் மாடி மேனேஜரம்மா ஒருநாள் தன் பிள்ளையோடு வந்து நின்று உச்சுக்கொட்டினாள்.

"பாவம் எல்லாம் இல்லம்மா. நல்லாத் துவைச்சுத் துவைச்சு மெத்துனு ஆன துணி. உங்க வீட்டுப் பிள்ளைக்குப் போட்டிருக்கீங்களே, அதோட ஜரிகை கழுத்தைக் குத்திச் சிவந்துகிடக்கு பாருங்க."

மேனேஜரம்மா அன்றிலிருந்து லிஃப்டில் ஏறினால் இந்தப் பக்கம் திரும்புவதில்லை.

லிஃப்ட் என்றதும் லிஃப்ட்காரரைச் சொல்லியாக வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை "எத்தனாவது மாடி?" என்பதைத் தவிர வேறு பேசாத மனிதர். ஒருநாள் தன் பழைய சட்டை ஒன்றை மடித்து எடுத்து வந்தார். "குழந்தைக்கு ஏதாவது தைக்க முடியுமா பாருங்க" என்றார். கத்திரிக்கோலில் மாட்டக்கூடாது என்று பட்டனை எல்லாம் அவரே எடுத்து ஒரு பொட்டலத்தில் கட்டியிருந்தார். அடுத்த மாதம் இன்னொரு சட்டை. பிறகு இன்னொன்று. கடைசியில் அவள்தான் நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள், "இதுக்கு மேல சட்டை கொடுத்தா நீங்க எதைப் போட்டுக்கிட்டு வேலைக்கு வருவீங்க?" அந்த மனிதருக்குக் காது வரை சிவந்துவிட்டது. கட்டடத்தில் எல்லோருக்கும் முன்பே தெரிந்த விஷயம் அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

கல்யாணம் ஆனது. வீட்டில் ஒரு பிளாஸ்டிக் கூடை வைத்தார்கள். பட்டன் எடுத்த துணி அதற்குள் போனால் அதை வெட்டலாம் என்று அர்த்தம். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அவள் கை வைத்துவிடுவாள்.

இனி நாத்தனார். லிஃப்ட்காரருக்கு மூத்த அக்கா. அம்மா போனபிறகு நாலு தம்பிகளையும் தூக்கி வளர்த்து ஆளாக்கியது அவள்தான். அதனால் அவள் வைத்ததுதான் அந்தக் குடும்பத்தில் சட்டம். வளர்த்த கை என்பதால் அவளைக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். தாராளமாகச் சொல்லலாம். "நீ அவளைக் கட்டிக்கிட்டே, அது உன் இஷ்டம். ஆனா அந்தப் பிள்ளை வேற வீட்டுப் பிள்ளை. நம்ம குடும்பத்துல சேராது" என்று அவள் முதல் நாளே தம்பியிடம் சொன்னாள், குழந்தையை வைத்துக்கொண்டே. மற்றத் தம்பிகளின் பிள்ளைகள் போனால் மடியில் ஏறும். இந்தக் குழந்தை போனால் ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்து வாசல் பக்கம் விளையாடச் சொல்வாள். குழந்தை அவளை "அத்தை" என்று கூப்பிட்டால் காது கேட்காது. கத்திரிக்கு வயிறு எரியும். தன்னை என்ன சொன்னாலும் திருப்பிக் கொடுத்துவிடுவாள். குழந்தையைச் சொல்லாமல் ஒதுக்குவதற்கு என்ன பதில் கொடுப்பது?

அந்த அக்காவின் மகனுக்குக் கல்யாணம் வந்தது. இன்னொரு தம்பியின் மனைவி, கத்திரிக்கு ஓரகத்தி, போன் செய்தாள். "தம்பிங்க நாலு பேருக்கும், பிள்ளைங்க எல்லாருக்கும் ஒரே துணியில சட்டை, கவுன் தைச்சிருக்காங்களாம். மேடையில ஒண்ணா நிறுத்திப் போட்டோ எடுக்கணுமாம். எங்க வீட்டுக்கு வந்திடுச்சு. உங்களுக்கு?"

வந்தது லிஃப்ட்காரருக்கு ஒரே ஒரு சட்டைதான். அதுவும் அவர் வேலை இடத்துக்கே வந்து சேர்ந்தது, கத்திரி அதைக் கண்ணால் பார்க்கவில்லை. குழந்தைக்கு இல்லை. "அவங்க துணி இல்லாட்டி என் பிள்ளை சும்மாவா நிக்கப் போகுது? நான் தைக்கிறேன், எல்லாக் கண்ணும் அவ மேல இருக்கிற மாதிரி" என்று கத்திரி அன்று பாத்திரங்களைக் கழுவிய சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. லிஃப்ட்காரர் கழுவிய பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினார்.

கூடையில் ஒரு சட்டை கிடந்தது. நல்ல பச்சை, மெல்லிய மஞ்சள் கோடு. துவைத்து, பட்டன் எடுத்து, மடித்துப் போட்டிருந்தது. யாரோ புண்ணியவான் அளவு சேராமல் கொடுத்தது என்று நினைத்தாள். விரித்துப் பார்த்தால் எங்கேயும் தேய்வு இல்லை. தள்ளவேண்டிய இடம் என்று ஒன்றுகூட இல்லாத சட்டையை அவள் அதுவரை வெட்டியதில்லை. முதுகுத் துணியில் பாவாடைக்குச் சுருக்கம் வைத்தாள், கைகளில் பஃப் எடுத்தாள், பாக்கெட்டை அலுங்காமல் பெயர்த்து இடுப்பில் வைத்தாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் குழந்தைக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது லிஃப்ட்காரர் வந்தார்.

"உங்க அக்கா கொடுத்த சட்டையை எடுங்க. இஸ்திரி போட்டு வைக்கிறேன்."

"அதான் போட்டிருக்காளே" என்றார்.

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் முகத்தில் ஈயாடவில்லை. "ஐயையோ, அதையா வெட்டினேன்? கூடையில கிடந்துச்சே."

"பட்டன் எடுத்துட்டுத்தானே போட்டேன்."

"வேணும்னேவா?"

"ஆமா."

வாழ்க்கையில் முதல் முறையாக அவளுக்குப் பயம் வந்தது. "நான்தான் வயித்தெரிச்சல்ல வெட்டிட்டேன்னு சொல்வாங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா நீ வெட்டியிருக்க மாட்டே. போனைப் போட்டுச் சண்டை பிடிச்சிருப்பே." அவர் குழந்தையின் பாக்கெட்டைச் சரிசெய்தார். "அக்கா எனக்குத்தானே கொடுத்தாங்க. என் சட்டையை நான் என் பொண்ணுக்குக் கொடுத்தேன். இதுல யாருக்கு என்ன?"

அத்தனை நீளமாக அவர் பேசி அவள் கேட்டதில்லை. கண் கலங்கிவிட்டது, அதை ஒத்துக்கொள்ளாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது பயம் போன இடம் தெரியவில்லை. கவுனைக் கழற்றி, தட்டையாகத் தைத்திருந்த கழுத்தைப் பிரித்தாள். மிச்சம் கிடந்த அந்தச் சட்டையின் காலரையே சின்னதாக வெட்டி அங்கே வைத்துத் தைத்தாள். எந்தச் சட்டை என்று ஒரு குருடனுக்கும் சந்தேகம் வரக்கூடாது.

மண்டப வாசலில் நாத்தனார் எல்லோரையும் வரவேற்றுக்கொண்டு நின்றாள். தம்பியின் வெள்ளைச் சட்டையைத்தான் முதலில் பார்த்தாள்.

"சட்டை எங்கடா?"

"வந்திருக்கு அண்ணி. இதோ" என்று கத்திரி குழந்தையை முன்னால் விட்டாள்.

நாத்தனார் காலரைப் பார்த்தாள், பாக்கெட்டைப் பார்த்தாள். "வெட்டிட்டியா?"

"வெட்டினேன். அருமையான துணி. கத்திரி வழுக்கிக்கிட்டுப் போச்சு."

"நான்தான் வெட்டச் சொன்னேன்க்கா" என்றார் லிஃப்ட்காரர். அது அக்காவின் காதில் ஏறவே இல்லை. இந்தத் தம்பிக்குச் சொந்தமாக ஒரு எண்ணம் இருக்கும் என்று அவள் என்றைக்கு நம்பினாள்? "இந்த வீட்டுக்கு ஆகாதவ செய்யற வேலை. போட்டோவுக்கு இந்தப் பிள்ளை வரக்கூடாது, சொல்லிட்டேன்" என்று கத்திரியிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டு, அடுத்து வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தாள்.

போட்டோக்காரருக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. அவருக்கு வேலை முடிந்தால் சரி. "ஒரே துணி போட்டவங்க எல்லாம் மேடைக்கு வாங்க. மத்தவங்க அடுத்த படத்துக்கு" என்று கத்தினார். தம்பிகள் ஏறினார்கள், பச்சைக் கவுன்களும் பச்சைச் சட்டைகளும் ஏறின. அவரே இறங்கி வந்து, கீழே நின்ற இந்தப் பச்சையையும் தூக்கி முன்வரிசையில் நட்டநடுவே, நாத்தனாருக்குப் பக்கத்தில் நிறுத்தினார். லிஃப்ட்காரரும் ஏறினார்.

"சார், நீங்க அடுத்த படத்துக்கு."

"அவன் என் சொந்தத் தம்பி" என்றாள் நாத்தனார்.

"அப்படியாம்மா? சட்டை வேறயா இருக்கேன்னு பார்த்தேன்."

"சட்டை வேறதான். இந்தப் பிள்ளைதான் குடும்பம் இல்ல. இறக்கிடுங்க." பிறகு கீழே நின்ற கத்திரியைப் பார்த்து, "பிள்ளையைக் கூப்பிட்டுக்க" என்றாள்.

மண்டபமே பார்த்தது. கத்திரி மேடைக்கு அருகே வந்து நின்றாள். "நான் கூப்பிட மாட்டேன் அண்ணி. வேண்டாம்னா நீங்களே அவ கையைப் பிடிச்சு இறக்கி விடுங்க. இவ்வளவு பேரும் பார்க்கட்டும்."

நாத்தனார் அசையவில்லை. லிஃப்ட்காரர்தான் அசைந்தார். "ஒரே துணி இருந்தாத்தானே அக்கா படம்? நான் இறங்கிக்கிறேன். என் இடத்துல என் பொண்ணு நிக்கட்டும்." சொன்னபடியே இறங்கி வந்து மனைவி பக்கத்தில் நின்றார்.

அப்போதுதான் நாத்தனாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இறக்கியே விடுவது என்று குனிந்து குழந்தையின் தோளில் கையை வைத்தாள். குழந்தை நிமிர்ந்து, "அத்தை, சிரிங்க" என்றது. போட்டோக்காரர் இவ்வளவு நேரம் அந்தப் பிள்ளைகளிடம் சொல்லிக்கொடுத்தது அதைத்தான். நாத்தனாரின் கை தோளிலேயே இருந்தது. போட்டோக்காரர் கேமராவை அமுக்கிவிட்டார்.

கல்யாணப் படங்களில் எல்லோர் கண்ணும் திறந்திருந்தது அது ஒன்றுதான் என்று மாப்பிள்ளையே அதைப் பெரிதாக்கி அம்மா வீட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டான். நாலு தம்பிகளில் மூன்று பேர்தான் அதில் இருக்கிறார்கள். நடுவில் நாத்தனார், காலர் வைத்த பச்சைக் கவுன் பிள்ளையின் தோளில் கை வைத்துக் குனிந்து நிற்கிறாள். பார்க்கிறவர்களுக்கு அவ்வளவு பாசம்.

கொஞ்ச நாள் கழித்து ஓரகத்தி ஓடிவராத குறையாகப் போன் செய்தாள். கல்யாணத்துக்கு வராத சம்பந்தி வீட்டு ஆட்கள் சிலர் வந்திருந்தார்களாம். "இது யாரு, நீங்க ஆசையா அணைச்சுக்கிட்டு நிக்கிறீங்களே?" என்று கேட்டார்களாம். நாத்தனார் படத்தையும் பார்த்து, அவர்களையும் பார்த்து, "என் தம்பி மக" என்று சொன்னாளாம்.

"கேட்டியா? சொல்லிட்டாங்க" என்றாள் ஓரகத்தி. "இனிமேலாவது நீயும் கொஞ்சம் இறங்கி வாயேன்."

கத்திரி மிஷினை நிறுத்தவில்லை. "ஒரு தடவை சொன்னா ஆச்சா? அது சுவத்துல தொங்கற வரைக்கும், வர்றவங்க போறவங்க எல்லாருக்கும் சொல்லட்டும். பழகிடும்" என்றாள்.