கூடலூர் ஜீப்காரரின் காது

தேனியில் ஒரு காது மூக்கு தொண்டை ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். காது டெஸ்ட் எடுத்துக்கொண்டிருந்த பெண் கல்யாணமாகிப் போனதும், அந்த வேலையை என்னைக் கற்றுக்கொள்ளச் சொன்னார் டாக்டரம்மா. நாற்பது வயதுக்கு மேல் புதுப் படிப்பு. ஆஸ்பத்திரி ஆட்களின் காதுகளிலேயே பழகினேன். ஹெட்போனை மாட்டிவிட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். கேட்கும்போதெல்லாம் அவர்கள் கையிலிருக்கும் பட்டனை அமுக்குவார்கள்.

நான் தனியாக டெஸ்ட் எடுத்த முதல் ஆள், கூடலூரிலிருந்து ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர். டிவி சத்தத்தில் வீடே அதிர்கிறது என்று மனைவி இழுத்து வந்திருந்தார்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர். இந்தப் பக்கம் மெஷினோடு நான். மிகச் சன்னமான சத்தத்தைக்கூட விடாமல் அமுக்கினார். எனக்கு ஒரே பெருமை. டாக்டரம்மா தாளைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

“இது மனுசக் காதுதானா? மறுபடி எடுங்க.”

இந்த முறை சத்தமே அனுப்பாமல் சும்மா ஸ்விட்சைத் தொட்டேன். அமுக்கினார். அவர் கண் என் விரலிலேயே இருந்தது. நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டேன்.

“ஏன் தங்கச்சி, ஆளப் பாக்காம எப்படிக் கேக்குறது?”

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அப்புறம் எடுத்ததில், இரண்டு காதிலும் மெல்லிய சத்தம் எதுவும் அவருக்கு எட்டவில்லை.

“ஜீப்புல யாராச்சும் கூப்பிட்டா என்னண்ணே செய்வீக?”

“கண்ணாடில வாயப் பாத்துக்குவேன். எல்லாரும் அப்பிடித்தானே?”

மனைவி வாயில் கைவைத்தார். “ஆத்தாடி! அதான் கரண்டு போனா நான் கேக்குற எதுக்கும் பதில் சொல்ல மாட்டாக. கோவம்னுல்ல நெனச்சேன்!”

எங்கள் எல்லாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்குந்தான்.

காதுமெஷின் மாட்டிப் போனவர், சில வாரம் கழித்து மனைவியோடு வந்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“கடைசி சீட்டுப் பொம்பளைக பாட்டுப் பாடிட்டு வாராகன்னு இத்தன வருசமா நெனச்சிட்டிருந்தேன் தங்கச்சி. பூராம் நான் வண்டி ஓட்டுற லட்சணத்தப் பத்தின பேச்சு!”

“கழட்டி வச்சிரலாமாண்ணே?”

“அதெப்பிடி? பாதிதான் கேட்டிருக்கேன். மிச்சத்தையும் கேக்க வேணாமா?” என்று காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.