வரிசையில் விட்ட இடம்

கணவன் ஆனந்தகுமார் இருந்தவரை செல்வப்பிரியாவுக்குப் பாலக்காடு நகரம் என்பது அவன் சாப்பிட்டுக்கொண்டே சொல்லும் கதைதான். வலியங்காடிச் சந்தையில் வெங்காய மூட்டை இறங்கிய பிறகே மனுஷருக்கு வழி கிடைக்கும் என்பான். கல்பாத்தியில் தேர் நாட்களில் ஆட்டோ மூக்கை நுழைக்க முடியாது. நூரணியில் கால்பந்துக் கொடி தொங்காத தெரு கிடையாது. கையகல நகரத்துக்குள் இத்தனை ஊரா என்று அவள் சிரிப்பாள்.

கொல்லங்கோட்டிலிருந்து வாழ வந்த அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மேலாமுறிக்குப் பின்னால் இருந்த சந்து. ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் எதிர்வீட்டில் இருமுவார்கள். அந்தச் சந்திலேயே தன் ஆட்டோவை ஓட்டக் கற்றுக்கொடுத்து, விளையாட்டுப்போல அவளுக்கு லைசென்ஸும் எடுத்துவைத்திருந்தான்.

மழைக்காலத்தில் ஒரு மாரடைப்பு அவனைக் கொண்டுபோனது. மாதங்கள் கடந்தும் ஆட்டோ வாசலிலேயே நின்றது.

"வண்டிய வித்துப்போடலாம் பிரியா," என்றார் அவள் அண்ணன். "சனிக்கெழம ஆளக் கூட்டியாறேன்."

"அதுவரைக்கும் நா ஓட்டிப் பாக்கறனுங்கண்ணா."

சுல்தான்பேட்டைக்கு அருகில் அவன் வண்டி போட்டிருந்த ஆட்டோ ஸ்டாண்டில் காலை முதல் சவாரிக்கு நம்பர் வரிசைதான். அதன்பின் வந்தவர் வந்தபடி. ஆனந்தகுமாரின் வண்டிக் கண்ணாடியில் எழுதியிருந்தது ஏழு. ஆறுக்கும் எட்டுக்கும் நடுவே ஒரு வண்டி நிற்குமளவு இடம் காலியாகக் கிடந்ததை முதல் நாளே அவள் பார்த்தாள். புதிதாக வந்தவள் முண்டியடிக்கக் கூடாது என்று வால்பக்கம் போய் நிறுத்தினாள். மற்ற டிரைவர்கள் தலையை மட்டும் அசைத்துவிட்டு ஃபோனைப் பார்த்தார்கள்.

மறுநாளும் அப்படியே. ஆபீஸ், பள்ளிக்கூட நெரிசலெல்லாம் முன்வண்டிகளோடு போய்விடும். அவள் முறை வரும்போது தெரு காலியாகியிருக்கும். தன்னை இவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டினாள். வண்டியை விற்றுவிட வேண்டியதுதான்.

சனிக்கிழமை காலை, தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சுப்புலட்சுமி மாமி காலிப் பையோடு வந்தார்.

முதல் வண்டி ஜின்சனுடையது. "மாமி, இதில் கேறிக்கோ."

மாமி அவனைக் கடந்து போய், அந்தக் காலி இடத்தில் குடையை ஊன்றி நின்றார். "நான் எப்பவும் ஏற எடம் இதாக்கும்."

"அங்க வண்டி இல்லையே மாமி."

"தெரியறது. ஏழாம் நம்பர் வால்ல நிக்கறதே, அது என்ன, வேண்டுதலா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்டாண்டில் மூத்தவரான ராக்கப்பன் துண்டை உதறிக்கொண்டு அவளிடம் வந்தார்.

"ஏனுங்க அம்மிணி, உங்க எடத்த நாங்க இன்னும் எத்தன நாளைக்குக் காவல் காக்கறது?"

"என் எடமுங்களா?"

"பின்ன? வண்டிக்காரன் போயிட்டா, அவன் ஊட்டு ஆளு தானா வந்து நிக்கற வரைக்கும் எடத்த விட்டுவெப்போம். நாங்களாக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டா, அழுதது போதும்னு சொன்ன மாதிரி ஆயிருமுங்க."

"புதுசா வந்தவ கடைசிலதான நிக்கோணுமுங்கண்ணா?"

"நீங்க புதுசு. வண்டி புதுசுங்களா?"

"ரெண்டு நாள் கழிஞ்சிருந்தா நான் அங்க வாழை நட்டிருப்பேன் சேச்சி," என்றான் ஜின்சன்.

அவள் சிரித்தாள். இத்தனை மாதங்களில் அது அவளுக்கே புதிதாக இருந்தது.

ஸ்டாண்டுக்குள் யாரும் எஞ்சினைப் போடுவதில்லை, தள்ளித்தான் நகர்த்துவார்கள். அவள் ஹேண்டிலைப் பிடித்து உட்கார்ந்திருக்க, ராக்கப்பனும் ஜின்சனும் பின்னாலிருந்து தள்ளி, ஆறுக்கும் எட்டுக்கும் நடுவே வண்டியைக் கொண்டுவந்து விட்டார்கள்.

"முன்வண்டியெல்லாம் போகட்டுங்க மாமி," என்றாள்.

"போகட்டும். வெண்டைக்காய் எங்கயும் ஓடிப்போகாது."

மாமி ஏறி உட்கார்ந்தார். அவர்களுடைய முறை வந்தபோது ஃபோன் அடித்தது. அண்ணன்.

"ஆளோட பஸ் ஏறப் போறேன். வண்டி ஊட்டுலதான இருக்குது?"

"இல்லீங்கண்ணா. அவர வரவேண்டாம்னு சொல்லிருங்க. வண்டிக்குச் சவாரி இருக்குது."

"மொதல்ல வலியங்காடி, அப்பறம் நூரணி," என்றார் மாமி. "வழி தெரியுமோ?"

"கொடி தொங்கற தெருவுங்களா மாமி?"

"எல்லாத் தெருவுலயும் தொங்கறது. நான் சொல்றேன், போ."

வலியங்காடி முனையில் லாரி குறுக்கே நின்றது. வெங்காய மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. செல்வப்பிரியா ஹாரன் அடிக்கவில்லை. பிரேக்கில் காலை வைத்துக் கடைசி மூட்டை இறங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.