அக்கா அடுக்கிய அட்டைகள்

மாதா கோயிலில் பூசை முடிந்து இந்தச் சிறு நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், ராயபுரம் அக்கம்பக்கத்தாருக்கும், தொழிற்சாலைத் தோழர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். அக்கா போய் இன்றோடு ஒரு வருடம். "சங்கத்துக்கு நோட்டீஸ் எழுதுற கைதானே, அக்காவுக்கும் நீயே எழுது" என்று நைனா சொல்லிவிட்டார். நோட்டீஸ் எழுதக் கோபம் இருந்தால் போதும், அது என்னிடம் நிறையவே உண்டு. இதை எழுத உட்கார்ந்தால் பேனா நகர மாட்டேன் என்கிறது. பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது ராயபுரத்தில், ரயில் தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவே நாங்கள் இன்றும் குடியிருக்கும் ஒண்டுக்குடித்தனத்தில். நைனா ஹார்பரில் மூட்டை தூக்கியவர். அம்மா காசிமேட்டில் மீன் பிடிக்கும் குடும்பத்துப் பெண். அக்கா மூத்தவர், இரண்டு வயது இளையவன் நான். பள்ளிக்கூடம் போகும் வயதில் அக்காவுக்கு மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது, ஆனால் இருதயத்தைக் கெடுத்துவிட்டுத்தான் போனது. மாதாமாதம் ஊசி போட வேண்டும், மாடிப்படி ஏறக்கூடாது என்றார்கள். பிறகு ஒரு நாள் பெரிய டாக்டர் நைனாவைத் தனியாகக் கூப்பிட்டு, இந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் செய்ய வேண்டாம், பிள்ளைப்பேற்றை உடம்பு தாங்காது என்று சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரி வாசலிலேயே நைனா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதாராம். அக்காதான் தேற்றியிருக்கிறார். "வுடு நைனா. மாமியார் தொல்லை இல்லாம தப்பிச்சேன்னு நெனச்சுக்க." அதன் பிறகு எங்கள் வீட்டில் கல்யாணப் பேச்சே கிடையாது. வேலை ஒன்றுதான் இனி தன்னுடையது என்று அக்கா முடிவு செய்துவிட்டார்.

எஸ்.எஸ்.எல்.சி.யும் டைப்ரைட்டிங்கும் முடித்த அக்காவுக்குத் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அதே தொழிற்சாலையில் நான் ஃபிட்டர். அக்காவுக்குப் பஞ்ச் ஆபரேட்டர் வேலை. கெட்டி அட்டையில் மிஷினால் துளை போட வேண்டும். தொழிலாளியின் பெயர், நம்பர், வேலை செய்த மணி எல்லாம் அந்தத் துளைகளில் இருக்கும். என்ன துளை போட வேண்டும் என்று வேறு யாரோ எழுதிக் கொடுப்பார்கள். அக்கா நாள் முழுக்கத் துளை போட்டுக்கொண்டே இருப்பார்.

எழுபதுகள் பிறந்த சமயத்தில் தொழிற்சாலைக்குக் கம்ப்யூட்டர் வரப்போகிறது என்று செய்தி வந்தது. நாங்கள் சும்மா இருப்போமா? கணக்குப் பிரிவில் அத்தனை பேர் வேலையையும் தின்ன வருகிறது என்று கொடி பிடித்துக் கேட்டில் உட்கார்ந்தோம். அதே வாரம் நிர்வாகம் ஒரு அறிவிப்பு ஒட்டியது. ப்ரோகிராம் எழுதக் கற்றுக்கொள்ள விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம். அக்கா பெயர் கொடுத்துவிட்டார்.

"இன்னாக்கா, என் மானத்தை வாங்கினே. தம்பி வெளியே கோஷம் போடறான், அக்கா உள்ளே போய்ப் படிக்குதுன்னு சிரிக்கிறானுங்க."

"நீ கத்து, வேணாங்கல. கத்திக்கினே இரு. அது எப்படியும் வரத்தான் போவுது. வந்தா அதுக்குச் சொல்றவங்கள்ல ஒருத்தியா நான் இருந்துட்டுப் போறேன்."

இரண்டு நாள் நான் அக்காவோடு பேசவில்லை. எங்கள் போராட்டம் நியாயமானது, அதை இன்றைக்கும் சொல்வேன். ஒருவரையும் வீட்டுக்கு அனுப்ப மாட்டோம் என்று எழுதி வாங்கியது அந்தக் கொடிதான். ஆனால் அக்கா படித்த படிப்பும் நியாயமானதுதான்.

வேலை முடிந்ததும் வகுப்பு. பத்திரிகைகளில் எலக்ட்ரானிக் மூளை என்று எழுதினார்கள் அல்லவா, அக்காவும் அது தானாக யோசிக்கும் என்று பயந்துதான் போயிருக்கிறார். முதல் நாளே அந்தப் பயம் போய்விட்டது. "அதுக்கு ஒண்ணுமே தெர்லடா. சுத்த மண்டு. எது முன்னே, எது பின்னேன்னு நாமதான் ஒவ்வொண்ணாச் சொல்லணும்" என்று சிரித்துக்கொண்டே வந்தார். சொல்லும் ஒவ்வொரு கட்டளைக்கும் ஓர் அட்டை. அட்டைகளை வரிசையாக அடுக்கிக் கொடுத்தால் மிஷின் அதே வரிசையில் செய்யும். அக்கா சாக்பீஸ் எடுத்துத் தரையெல்லாம் கட்டமும் அம்புக்குறியுமாகப் போட்டுப் பழகுவார். "இன்னாம்மா, இந்த வயசுல பாண்டி ஆடப் போறியா?" என்று பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா கேலி செய்வார்.

மிஷின் வந்து மாடியில் வைத்த பிறகும் படிப்பவர்களுக்கு அது கிடைப்பது ஞாயிறு காலை மட்டும். அக்கா முதல் பூசை பார்த்துவிட்டு ரயில் ஏறுவார். மாடி ஏறி இறங்க வேண்டுமே என்று நானும் கூடப் போவேன். ஒரு சின்னச் சம்பளக் கணக்கை எழுதி, பிழையில்லாமல் ஓட்டிக் காட்டுகிறவர்களுக்குத்தான் ப்ரோகிராம் எழுதும் வேலை. ஐப்பசி மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் அட்டைகள் மிஷினில் சிக்கிக்கொண்டன. கடற்காற்று அடிக்கிற வீட்டில் வைத்திருந்ததால் ஈரத்தில் ஊதியிருக்கின்றன. அங்கிருந்த ஆபரேட்டர் எல்லார் முன்னாலும் கத்திவிட்டான். அடுத்த ஞாயிறுதான் கடைசி, அதற்குப் பிறகு படிப்பவர்களுக்கு மிஷின் கிடையாது என்றும் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அக்கா சோற்றைத் தொடவில்லை. "அட்டை ஈரமாயிடுச்சும்மா" என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை மழை விட்டு வெயில் அடித்தது. நாங்கள் இருவரும் அரை நாள் வேலை முடிந்து வந்தபோது அம்மாவும் ஸ்டெல்லா அக்காவும் மொட்டை மாடியில் இருந்தார்கள். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று ஏறினார். ரப்பர் பேண்டைக் கழற்றி, அத்தனை அட்டையையும் பாயில் ஒவ்வொன்றாகப் பரப்பி, காற்றில் பறக்காமல் கூழாங்கல் வைத்து, கருவாடு காயவைப்பது போலப் பக்குவமாகக் காயவைத்திருந்தார் அம்மா. ஒரு பக்கம் காய்ந்ததும் மறுபக்கம் வேறு திருப்பிப் போட்டிருந்தார்.

"மொறுமொறுன்னு காஞ்சு கீது பாரு. இனிமே எவன் கத்துவான்?"

வரிசை மொத்தமும் போச்சு. அட்டையில் வரிசை நம்பர் போடச் சொல்லி வாத்தியார் சொல்லியிருந்தாராம். நமக்குத்தான் மனப்பாடமாகத் தெரியுமே என்று அக்கா போடவில்லை. அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உதடு நீலமாகிவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில், "உன்னை யாரும்மா இதைத் தொடச் சொன்னது?" என்று கத்தினேன். அம்மாவுக்கு என்ன செய்துவிட்டோம் என்றே புரியவில்லை. புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

"டேய், அம்மாவைத் திட்டாதே" என்றார் அக்கா. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "அழாதம்மா. குந்து இங்கே. நீயே எடுத்துக் குடு."

அப்புறம் அந்த மாடியில் நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது. அட்டையின் மேல் விளிம்பில் பொடி எழுத்தில் இருந்ததை நான் படித்துச் சொல்வேன். அது எங்கே வரும் என்று அக்கா யோசித்துச் சொல்வார். அம்மா வாங்கி அடுக்குவார். "நீ எங்கூட ஒக்காந்தது உங்க சங்கத்துக்குத் தெரிஞ்சா அவ்ளோதான். தள்ளி வச்சிருவானுங்க" என்று அக்கா என்னைச் சீண்டினார். ஓர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தடுமாறினார். கூட்டுத்தொகையைச் சுழியமாக்கு என்று சொல்லும் அட்டை அது.

"எல்லாத்துக்கும் முன்னாடி வச்சிருந்தேன்மா, நல்லா ஞாபகம் இருக்கு" என்று அம்மாவிடம் விளக்கத் தொடங்கினார். "ஒரு ஆளோட சம்பளத்தைக் கூட்டும். அச்சடிக்கும். அப்புறம் திரும்பி மேல போயி அடுத்த ஆளைக் கூட்டும். கூட்டும்போது..." சட்டென்று கையில் இருந்த அட்டையைப் பார்த்தார். "ஐயோ! முன்னே போனவன் சம்பளம் அதிலேயே கெடக்குமே. அவன்துமேலே இவன்து ஏறிடுமே."

ஒவ்வொரு ஆள் கணக்கு தொடங்கும்போதும் முந்தைய கூட்டல் அழிய வேண்டும். அக்கா ஒரே ஒரு தடவை, தொடக்கத்தில் மட்டும் அழிக்கச் சொல்லியிருந்தார். போன வாரம் அட்டை சிக்காமல் ஓடியிருந்தாலும் கணக்கு தப்பாகத்தான் வந்திருக்கும். "நீ கலைச்சுப் போடலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதும்மா" என்று அம்மாவின் கன்னத்தைப் பிடித்து முத்தம் கொடுத்தார். அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் அழுகை நின்றது. வெயிலில் லேசாக வளைந்திருந்த அட்டைகளைப் பலகைக்கு நடுவே வைத்து, மேலே டிரங்குப் பெட்டியை ஏற்றி வைத்தார் நைனா.

மறுநாள் அக்காவை மேலே ஏற்றிவிட்டு, படிக்குக் கீழே நின்றேன். அக்கா நீளமான காகிதத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, மெதுவாக, ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். "ஓடிச்சுடா" என்றார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

அடுத்தடுத்த வருடங்களில் தொழிற்சாலை முழுவதற்கும் சம்பளக் கணக்கை எழுதியவர்களில் அக்காவும் ஒருவர். நம்முடைய தோழர்கள் மாதாமாதம் வாங்கும் சம்பளச் சீட்டு அக்கா எழுதிய ப்ரோகிராமில் வருவதுதான். ஓவர்டைம் குறைந்தால் என்னிடம் வந்து, "உங்கக்கா மிஷினை இன்னான்னு கேளு" என்பார்கள். அக்காவும் கோபிக்காமல் விளக்கம் சொல்வார்.

போன வருடம் இருதயம் அடியோடு தளர்ந்துவிட்டது. கால் வீங்கியது, படுத்தால் மூச்சு முட்டியது. தலையணைகளை முட்டுக்கொடுத்து உட்கார்ந்தபடியே தூங்கினார். வலியைச் சொன்னதே இல்லை. ஆஸ்பத்திரியில் ஒரு மாலை அம்மாவின் கையைப் பிடித்தபடியே போய்விட்டார். முப்பத்திரண்டு வயது. அது சாகிற வயதா? பங்குச் சாமியார் எவ்வளவோ ஆறுதல் சொன்னார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

இரவு பகல் பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும், கேட்டதும் ரத்தம் கொடுக்க வந்த தோழர்களுக்கும், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த ஸ்டெல்லா அக்காவுக்கும், சவப்பெட்டியைத் தோளில் சுமந்த காசிமேட்டு மாமன்மார்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். அக்கா இறந்த மாதம் சம்பளத்தன்று என் சீட்டோடு இன்னொரு சீட்டையும் கொடுத்தார்கள். அதில் அக்காவின் பெயர் இருந்தது. முழு மாதச் சம்பளம் போட்டிருந்தது. "இன்னாய்யா, விளையாடறீங்களா?" என்று மேலே போய்ச் சண்டை பிடித்தேன். அக்காவிடம் வேலை கற்ற பத்மா எழுந்து வந்தாள். வேலையை விட்டுப் போனவர்களின் அட்டையையும், இறந்தவர்களின் அட்டையையும் பெட்டியிலிருந்து எடுத்துவிட வேண்டுமாம். எடுக்காவிட்டால் மிஷின் சம்பளம் போட்டுக்கொண்டே இருக்குமாம்.

"எடுக்கச் சொன்னாங்கண்ணே. மூணு தபா கையில எடுத்துட்டுத் திரும்ப வச்சிட்டேன். கை வரல" என்று அழுதாள். அவளுக்கு மெமோ கொடுத்தார்கள். சங்கம் பேசி அதைத் திரும்பப் பெற வைத்தது. தங்கையே பத்மா, உன் கைக்கு எங்கள் நன்றி.

சீட்டை அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதற்கு முன் அம்மா ஒரு நாள் அதைத் தன்னிடம் வைத்திருந்தார். அடுத்த சம்பளத்தன்று நான் வீட்டுக்குள் நுழையும்போதே, "அவளுது வந்துச்சாடா?" என்று கேட்டார்.

"வரலம்மா."

அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"அந்த மிஷினுக்கும் சொல்லிட்டாங்களா" என்றார்.

கண்ணீருடன்,
தம்பி