அண்ணி பிடித்த முனை

என் அண்ணி மரம் வளைக்கிறவர். நாற்காலியின் முதுகுச் சட்டம் அரைவட்டமாக இருந்தால் அதை யாரோ செதுக்கி எடுத்ததாக நினைத்துவிடாதீர்கள். நேரான கட்டையை நீராவிப் பெட்டியில் வேகவைத்து, வெளிப்புறம் பிளக்காமலிருக்க இரும்புப் பட்டை மாட்டி, ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, சூடு இறங்குமுன் அச்சில் வளைத்துப் பூட்ட வேண்டும். பெட்டியைத் திறந்துவிட்டால் மூக்கைச் சொறியக்கூட நேரம் கிடையாது.

அண்ணி அந்த நாற்காலிப் பட்டறையில் உப்புத்தாள் தேய்க்கத்தான் சேர்ந்தார். வளைக்கிற இடத்தில் பெண் நின்றால் மரம் விரிந்து பிளந்துவிடும் என்பது அங்கே வேதம். எப்போது யார் சோதித்தார்கள் என்று கேட்டால் பதில் வராது. தேய்க்க மட்டும் பெண் வரலாம். குறைந்த கூலிக்கு வருகிறவள் மேல் மரத்துக்குக் கோபமில்லை போலும்.

கொடுமை என்னவென்றால், அவர்கள் சொன்னது நடந்தது. அண்ணி சேர்ந்த பிறகு சட்டங்கள் விரிய ஆரம்பித்தன. குழந்தைக்குக் காய்ச்சல் என்று அவர் போகாத நாட்களில் ஒன்றுகூட விரியவில்லை.

"கண்ணால பாக்குறத இல்லைங்கிறியா?" என்றார் மேஸ்திரி. "இந்த வாரத்தோட நின்னுக்கம்மா. எனக்கு உன்மேல கோவமில்ல. மரத்துக்குத்தான் ஆகல."

வீட்டில் அண்ணன், "விடு, வேற எடம் பாக்கலாம்" என்றார்.

"அங்கயும் மரம்தானே இருக்கும்?" என்றார் அண்ணி. பிறகு என் பக்கம் திரும்பினார். "நான் இருந்தா விரியுது. சரி, நான் அங்க என்ன பண்றேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணல அண்ணி."

"அப்ப அவங்க என்ன பண்றாங்க?"

எத்தனையோ தடிமனான புத்தகங்களைப் படித்திருக்கிறேன். இவ்வளவு நேரான கேள்வியை அவற்றில் அதிகம் பார்த்ததில்லை.

மறுநாள், வளைக்கும் நேரத்தில் வழக்கம்போல் வெளியே விரட்டப்பட்டபோது, அண்ணி திறந்திருந்த கதவின் பின்னால் ஒதுங்கி இடுக்கில் கண்ணை வைத்தார். பெட்டிக்குள் இருக்கும்வரை மரத்துக்கு ஆபத்தில்லையாம். வெளியே வந்தபிறகுதான் பெண்ணின் கண் படுமாம். அதனால் மேஸ்திரி கட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "அந்தம்மா போயாச்சா?"

மறுமுனை பிடிக்கும் பாலிஷ்காரர் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்தார். "போயாச்சுண்ணே."

"நல்லாப் பாத்தியா? கதவச் சாத்து."

அதற்குள் கட்டையின் மேல் புகைந்த ஆவி மெலிந்துபோயிருந்தது. அச்சில் பாதி வளைந்ததும் படாரென்று விரிந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு அண்ணி உள்ளே போனார். "மேஸ்திரிண்ணே, நான் போயிட்டேனான்னு நீங்க தேடுற நேரத்துல மரம் ஆறிப்போகுது."

"காப்பி பாரு, ஆறிப்போக!" என்று சிரித்தார் பாலிஷ்காரர்.

"அடுத்த கட்டைக்கு ஒரு முனைய நான் பிடிக்கிறேன். நான் எங்கன்னு யாரும் தேட வேண்டாம் பாருங்க. விரிஞ்சா இன்னைக்கே போயிடறேன்."

சீக்கிரம் தொலைந்தால் சரி என்று நினைத்தாரோ என்னவோ, மேஸ்திரி கையுறையைத் தூக்கிப் போட்டார். பாலிஷ்காரர் கைகட்டி வேடிக்கை பார்க்க நின்றார்.

பெட்டி திறந்தது. எடுத்தார்கள், பட்டையை மாட்டினார்கள், இழுத்தார்கள். மரம் முனகியது. அண்ணி முழு உடம்பையும் கொடுத்து வளைத்தார். பூட்டு விழுந்தது. சட்டத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அடுத்ததிலும் இல்லை.

மேஸ்திரி சட்டத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். "உனக்குக் கைராசிம்மா! இனிமே இந்த முனை உனக்குத்தான்."

வேறு யாராவது என்றால் வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டிருப்பார்கள். அண்ணி வாங்கவில்லை. "ராசியெல்லாம் வேண்டாம்ணே. நாளைக்கு ஒண்ணு விரிஞ்சா ராசி போச்சும்பீங்க. சூட்டோட வளைச்சோம், வளைஞ்சுது. அதச் சொல்லுங்க."

மேஸ்திரி அடுத்த கட்டையைப் பெட்டிக்குள் வைத்தார். "சரி. சூடுதான்."

சில வாரங்களில், அண்ணி பிடித்த முனையிலேயே ஒரு சட்டம் விரிந்தது. பாலிஷ்காரர் அண்ணியை ஓரக்கண்ணால் பார்த்தார். மேஸ்திரி அண்ணியைப் பார்க்கவே இல்லை. குனிந்து விரிசலைப் பார்த்தார்.

"உள்ள கணு இருக்கு. இந்தக் கட்டையப் பொறுக்குனவன் எவன்டா?"

பாலிஷ்காரர் தலையைச் சொறிந்தார்.

முதல் சட்டம் வளைந்த அன்று அண்ணி வீட்டில் ஒரு வார்த்தை பெருமையடிக்கவில்லை. இது விரிந்த அன்றுதான், "கணுவாலதான் விரிஞ்சுதுன்னு மேஸ்திரியே சொல்லிட்டாரு!" என்று வாசலிலிருந்தே சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.