நான் திருப்பி அனுப்பிய கொழும்புப் பணம்

மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் துரையைச் சுட்டுக் கொன்றார்களே, அந்த ஆனி மாதம் நடந்தது இது. எங்கள் ஊர் ஏரலுக்குப் பக்கம்.

நான் மிஷன் பள்ளியில் நாலாம் வகுப்பு வரை படித்தவன். எதிர்வீட்டுக்காரர் கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை சுமந்துகொண்டிருந்தார். அவர் மனைவிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அதனால் அவர் அனுப்பும் மணியார்டர் மாதாமாதம் என் பெயருக்கு வரும். வாங்கி அப்படியே அந்த அம்மாளிடம் கொடுத்துவிடுவேன். எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் இதுதான் வழக்கம்.

கொலை நடந்த பிறகு, சுட்டவர்களுக்குப் பணம் கொடுத்தது யார் என்று தேடி ஊர் ஊராகப் போலீஸ் புகுந்தது. எங்கள் தெருவுக்கும் ஒரு ஏட்டு வந்தார்.

"யாருவே உமக்குக் கடல் தாண்டிப் பணம் அனுப்புதான்? எதுக்கு அனுப்புதான்?"

உண்மையைச் சொன்னேன். அவர் என் பெயரை எழுதிக்கொண்டார். "அடுத்த பணம் வரட்டும், பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிப் போனார். அவ்வளவுதான். அன்றிலிருந்து செருப்புச் சத்தம் கேட்டால்கூட ஏட்டுதானோ என்று வாசலுக்கு ஓடிப் பார்ப்பேன். ஆற்றுக்குக் குளிக்கப் போனால் பாதி வழியில் திரும்பி வந்துவிடுவேன்.

நாலாம் நாள் தபால்காரர் வந்தார். "கொழும்புச் சீமான் அனுப்பியிருக்காரு, கையெழுத்துப் போடும்" என்று சிரித்தார்.

"எனக்கு வேண்டாம். திருப்பி அனுப்பிரும்" என்றேன்.

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "வே, இது உம்ம பணமா, வேண்டாங்கதுக்கு?"

நான் உள்ளே போய்விட்டேன்.

வாய்க்காலில் தண்ணீர் வந்திருந்த நேரம். அந்த அம்மாள் கொஞ்சம் நிலம் குத்தகைக்குப் பார்த்துவந்தாள். அந்த வாரத்துக்குள் விதை பாவாவிட்டால் நிலக்காரர் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார். விதைநெல்லுக்கும் உழவுக்கும் அந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தாள்.

"அண்ணாச்சி, மணியார்டர் வந்துச்சா?"

"இல்லம்மா, இன்னும் வரல" என்றேன்.

அன்று குடும்ப ஜெபத்தில் எனக்கு வாய் திறக்கவில்லை. என் மனைவி ஜெபித்து முடித்தாள்.

மறுநாள் தபால்காரர் மூலம் எதிர்வீட்டு அம்மாளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நேரே என் வாசலுக்கு வந்தாள். சத்தம் போடவில்லை.

"ஏட்டையாவப் பாத்துப் பயந்தீய, சரி. எங்கிட்ட எதுக்குப் பொய் சொன்னீய அண்ணாச்சி? நான் என்ன போலீசா?"

என் வயலுக்கு வைத்திருந்த விதைநெல்லில் பாதியைச் சுமந்துகொண்டு போனேன். என் மாட்டை வைத்தே உழுது விதை பாவிக் கொடுத்தேன். குத்தகை கைவிட்டுப் போகாமல் தப்பியது. கர்த்தர் மன்னித்துவிட்டார் என்று கொஞ்சம் மூச்சு விட்டேன்.

ஆனால் அது அதோடு முடியவில்லை. அடுத்த மாதம் ஒருநாள் அவள் கணவரே வந்து நின்றார். கப்பலில் தூத்துக்குடி வந்து, அங்கிருந்து நடந்தே வந்திருக்கிறார். என்னைக் கண்டதும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"பணம் திரும்பி வந்துட்டு அண்ணாச்சி. நம்ம சில்லாவுல ஆளுகளப் பிடிச்சு அடைக்காகன்னு அங்கன ஒரே பேச்சு. உங்களையும் கொண்டு போயிட்டாக போல, இனி இவளுக்கு யாரு இருக்கான்னு ஓடியாந்தேன்."

திரும்பிப் போன பணத்தில் பாதி கப்பலுக்குச் செலவாகிவிட்டது. சொல்லாமல் வந்ததால் துறைமுக வேலையும் போய்விட்டது. நடந்ததைச் சொன்னேன். "நீங்க நல்லா இருக்கீயள்லா, அது போதும்" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

அந்த ஏட்டு மறுபடி எங்கள் தெருவுக்கு வரவே இல்லை.

சுட்டவர் யாரோ, செத்தவர் யாரோ. ஆனால் கடல் தாண்டி உழைத்த ஒரு மனிதரின் பிழைப்பைக் கெடுத்தது என் பயம்தான். இன்றும் வாசலில் தபால்காரர் குரல் கேட்டால், கையை நீட்டுவதற்கு முன் ஆண்டவரிடம் ஒரு நிமிஷம் தைரியம் கேட்டுக்கொள்கிறேன்.