இரண்டு நாசிலும் ஒரு கட்டிச் சூடமும்

எங்கள் வீட்டில் எனக்குப் பயந்தாங்கொள்ளி என்றுதான் பெயர். இருந்துவிட்டுப் போகிறேன். மின்னல் வெட்டினால் டிவி வயரைப் பிடுங்கிவைப்பவள் நான். கேஸ் அடுப்பை அணைத்த பிறகும் திரும்பி வந்து ஒரு முறை பார்ப்பவள். என்னைக் கட்டிக்கொண்டவரோ சம்பளத்தையும் தூக்கத்தையும் ஒரு பழைய ஜப்பான் காரின் இஞ்சினுக்குள் கொட்டுகிறவர். இருவருக்கும் கூலிம் ஹைடெக் பூங்காவில்தான் வேலை. ஷிப்ட் மாறி மாறி வருவதால் பாதி நாள் கேட்டருகில்தான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம். வீட்டில் எப்போதும் இருப்பது மாமியாரும் அந்தக் காரும்.

அந்தக் காருக்கு நைட்ரஸ் மாட்டப் போகிறேன் என்று ஒரு நாள் என் வீட்டுக்காரர் சோறு பிசைந்துகொண்டே சொன்னார். பந்தயத் திடலில் மட்டும்தானாம், ரோட்டில் இல்லையாம். காரின் பின்பக்கத்தில் ஒரு வாயு பாட்டில் இருக்கும். பட்டனை அமுக்கினால் அந்த வாயு இஞ்சினுக்குள் பாயும், கூடவே கூடுதல் பெட்ரோலும் பாயும், கார் பறக்கும். இவற்றைப் பீய்ச்சும் முனைக்குப் பெயர் நாசில்; அது ஒன்றே என்றால் ஒரு சிலிண்டருக்கு அதிகமாகவும் இன்னொன்றுக்குக் குறைவாகவும் போய்விடும் என்பதால் இரண்டு நாசில். வாயுவுக்கு நீலக் குழாய், பெட்ரோலுக்குச் சிவப்புக் குழாய். பெட்ரோல் குறைந்தால் பிஸ்டன் உருகும், தேங்கினால் வெடிக்கும் என்றும் விளக்கினார். அவர் ரசம் ஊற்றிக்கொண்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

போதாததற்குக் கைப்பேசியில் ஒரு வீடியோ காட்டினார். யாரோ ஒருவனுடைய காரின் பானெட் படாரென்று எகிறுகிறது. புகை விலகியதும் புருவம் இல்லாமல் அவன் நிற்கிறான். இவர் சிரித்தார். புருவம்தானே, திரும்ப முளைக்கும் என்றார். கண் முளைக்குமா என்று கேட்டேன்.

பாட்டிலை நிரப்பி வர குருண் ஊருக்குப் போனோம். திரும்பும்போது நல்ல வெயில். சூடேறினால் பாட்டிலுக்குள் அழுத்தம் கூடும் என்று அவர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். ஈரத் துண்டைச் சுற்றி, பச்சைப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். என் கழுத்து சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை வந்தது. எங்கள் கெடா மாநிலத்தில் அன்றுதான் வார விடுமுறை, எங்கள் இருவருக்கும் ஷிப்டும் இல்லை. காலையிலேயே காரை வீட்டு முன்னால் நிறுத்தி வேலையைத் தொடங்கிவிட்டார். முதலில் நாசில் இரண்டையும் வெளியே எடுத்து ஒவ்வொன்றையும் ஒரு ஜாம் பாட்டிலுக்குள் விட்டுப் பிடித்துக்கொண்டார். வாயு பாட்டில் மூடியிருந்தது, இஞ்சின் ஓடவில்லை, பெட்ரோல் மட்டும்தான். இரண்டிலும் சமமாக வருகிறதா என்று பார்க்க நான்தான் பட்டனை அமுக்க வேண்டும். அமுக்கினேன். கை வியர்வையில் பட்டன் வழுக்கியது. இரண்டு பாட்டிலிலும் ஒரே அளவு. அவர் முகத்தில் வந்த பெருமையைப் பார்க்கவேண்டுமே, நாங்கள் பிள்ளை பெற்றதுபோல் இருந்தது.

நாசில்களைத் திரும்பப் பூட்டிவிட்டார். பெட்ரோல் வரும் சிவப்புக் குழாய் ஒரு ஓரத்தில் உரசுகிறது என்று அதை மட்டும் கழற்றி வேறு பக்கமாகக் கொண்டுவந்தார். அந்த நேரம் பார்த்து மாமியார் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். பத்தரைக்கு ராகு காலம். காரில் புதிதாக ஒரு சாமான் மாட்டினால் பூசை போடாமல் ஸ்டார்ட் செய்ய எங்கள் வீட்டில் ஆள் கிடையாது. ராகு காலத்தில் பூசை போடவும் ஆள் கிடையாது. அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள். அன்று எங்களுக்கு அண்டா எது, கை எது என்றே தெரியவில்லை. நான் எலுமிச்சம்பழம் எடுக்க ஓடினேன்.

நான்கு டயருக்கும் பழம் வைத்தாயிற்று. வீட்டு மருமகள்தான் முதலில் சாவி போடவேண்டும் என்பது மாமியார் வைத்த வழக்கம். நான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். பானெட் தூக்கியிருந்ததால் முன்னால் எதுவும் தெரியவில்லை. அடியில் இருந்த சின்ன இடைவெளியில் என் வீட்டுக்காரருடைய கை மட்டும் தெரிந்தது. இஞ்சினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டிருந்தார். முகம் எவ்வளவு குனிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். சாவியைப் பாதி திருப்பச் சொன்னார், திருப்பினேன். பெட்ரோல் பம்ப் முனகியது. மாமியார் தட்டில் சூடத்தைக் கொளுத்திக்கொண்டு வந்தார். இடைவெளியில் மஞ்சள் வெளிச்சம் ஆடியது.

அப்போதுதான் வாடை வந்தது.

காலையிலிருந்து எல்லாமே பெட்ரோல் வாடைதான். ஆனால் இது புதுசு, மூக்கில் குத்தியது. சாவியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கி ஓடினேன். மாமியார் ஒரு சுற்றுச் சுற்றத் தட்டை உயர்த்தியிருந்தார். அவர் கையிலிருந்து தட்டைப் பறித்துக்கொண்டு கேட்டுப் பக்கம் போய், வாயால் ஊதி அணைத்தேன்.

சூடத்தை வாயால் ஊதி அணைப்பது எங்களுக்குள் எவ்வளவு பெரிய அபசகுனம் என்று சொல்லவேண்டியதில்லை. அதுவும் புருஷனுக்கு முன்னால், மாமியார் கையிலிருந்து பிடுங்கி. மாமியாரின் முகம் கறுத்துவிட்டது.

"உனக்குப் பைத்தியமா? என்ன காரியம் பண்ணிட்ட?" என்றார்.

காரைக் கைகாட்டினேன். என் வீட்டுக்காரர் குனிந்து சிவப்புக் குழாய் பூட்டியிருந்த இடத்தைத் தொட்டார். விரல்கள் சொட்டச் சொட்ட நனைந்து வந்தன. கீழே இஞ்சின்மேல் பெட்ரோல் பளபளவென்று ஓடியிருந்தது, அவர் வைத்த குங்குமப் பொட்டு கரைந்து வழிந்துகொண்டிருந்தது.

"கையாலதான் திருகினேன்மா. நேரம் ஆச்சேன்னு… பூசை முடிஞ்சதும் ஸ்பானர் போட்டுக்கலாம்னு இருந்தேன்" என்றார்.

பக்கத்து வீட்டுக் கடிகாரம் வேறு இருந்தாற்போலிருந்து அடித்துத் தொலைத்தது. பத்தரை. மாமியார் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, காரிலிருந்து தள்ளி உட்கார்ந்தார். ராகு காலத்தில் நகம்கூட வெட்டவிடாத மனுஷி அவர்.

"முதல்ல எல்லாத்தையும் தொடச்சுக் காயப் போடு. அப்புறம் ஸ்பானர எடுத்து இறுக்கு. ராகு காலம் முடியற வரைக்கும் இறுக்கு" என்றார்.

அவர் இறுக்கினார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுத் தொட்டு முகர்ந்து பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு முகரச் சொன்னார். கல்யாணமாகி இத்தனை நாளில் என் பயத்துக்கு அந்த வீட்டில் கிடைத்த முதல் மரியாதை அது.

மதியம் பூசை மறுபடி நடந்தது. பானெட்டை மூடச் சொன்னார் மாமியார். புதுக் கட்டிச் சூடத்தை எடுத்துக்கொண்டு நேராகக் கேட்டுக்கு வெளியே, ரோட்டோரத்துக்குப் போய் நின்றார். காருக்குக் காட்ட வேண்டாமா என்று மகன் கேட்டார்.

"இங்கிருந்தே காட்டறேன்லா. சாமிக்குத் தூரப் பார்வை நல்லா இருக்கு" என்றார்.

நான் சாவியைத் திருப்பினேன். மூச்சை நன்றாக இழுத்து முகர்ந்தேன். இல்லை, வாடை இல்லை. இஞ்சின் பிடித்துக்கொண்டது. காரை மெல்ல நகர்த்தினேன், எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் நின்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நான் விரலைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தேன். இரண்டு கண், இரண்டு புருவம், எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. ஸ்டியரிங்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதேன்.