பட்டுதாக்கும்

என் நாத்தனார் லிஷா இந்தியாவுக்கு விக்கெட் கீப்பராக ஆடியவள். இதைச் சொன்னால், கேரளக் கரையில் தமிழ் பேசுகிற எங்கள் பொழியூரில் பாதிப் பேர் "கோல் தடுக்கிறவளா?" என்பார்கள். பந்து என்றால் கால்பந்து என்று இருக்கும் ஊர், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

அவள் கீப்பரானதே கடலால்தான். என் வீட்டுக்காரர், அதாவது அவளுடைய அண்ணன் ஜெனிஸ், கூட்டாளிகளோடு கரையில் ரப்பர் பந்து ஆடுவார். பந்து அலையில் போனால் ஆட்டம் முடிந்தது. அதனால் ஸ்டம்புக்குப் பின்னால், கடலுக்கு முதுகைக் காட்டி இவளை நிறுத்தினார்கள். ஒரு பந்தையும் கடலுக்குக் கொடுக்க மாட்டாள். அந்தக் கை நெய்யாற்றின்கரை மைதானத்துக்குப் போய், மாநில அணிக்குப் போய், கடைசியில் நீலச் சட்டையும் போட்டது. மாமனார் சகாயதாஸ் அன்று வள்ளம் இறக்கவில்லை. கல்யாணத்துக்குப் போகிற சட்டை போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்.

வினை வந்தது அடுத்த தொடரில். ஒரு போட்டியின் கடைசிக் கட்டம். எதிரணி ஆட்டக்காரியின் பேட்டை உரசிய பந்தை லிஷா பிடித்தாள். நடுவர் அவுட் இல்லை என்றார். ரிவ்யூ கேட்கலாமா என்று கேப்டன், பந்து வீசிய தேன்மொழியைப் பார்த்தாள். தேன்மொழி சென்னைக்காரி, லிஷாவின் அறைத்தோழி. அவள் லிஷாவிடம் ஓடிவந்து, பேட்டில் பட்டதா என்று தமிழில் கேட்டாள். லிஷா ஏதோ சொன்னாள். தேன்மொழி கேப்டனைப் பார்த்துக் கையை விரித்தாள். ரிவ்யூ கேட்கவில்லை. பிறகு டிவியில் காட்டினார்கள், பந்து பட்டுத்தான் போயிருந்தது. அந்த ஆட்டக்காரியே நின்று அடித்து அவர்களை ஜெயிக்க வைத்தாள். அதன் பின் அணியில் லிஷா பெயர் இல்லை. உறுதியில்லாத கீப்பராம்!

வீட்டுக்கு வந்தவள் அழக்கூட இல்லை.

"நான் தெளிவாட்டு சொன்னேன் மைனி. அவளாக்கும் கள்ளம் சொல்லுகா."

தேன்மொழியோ, லிஷா சந்தேகமாகத்தான் சொன்னாள் என்று சத்தியம் செய்தாளாம். ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் பேச்சை விட்டுவிட்டார்கள். எனக்கு மண்டை காய்ந்தது. இவள் முகம் பொய் சொல்கிற முகமில்லை. அந்தப் பெண்ணும் போனில் என்னை வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுகிறவள். பிறகு யார்தான் பொய் சொன்னது?

நான் திருச்சிப் பக்கம் துறையூர்க்காரி. வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு இந்த ஊர்ப் பேச்சு எனக்கும் ஒட்டிக்கொண்டது. ஒரு நாள் அம்மா போனில் பேசும்போது, லிஷா சோறாவது தின்கிறாளா என்று கேட்டாள். "தின்னாளாக்கும்" என்றேன். அம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அது என்னடி ஆக்கும்? ஒரே வீட்ல இருந்துக்கிட்டு, அவ தின்னாளா இல்லையான்னு கூடவா தெரியாது உனக்கு?"

போனை அப்படியே வைத்துவிட்டு லிஷாவிடம் ஓடினேன். அன்று என்ன வார்த்தை சொன்னாய் என்று கேட்டேன்.

"பட்டுதாக்கும்னு சொன்னேன்."

பொழியூரில் 'பட்டுதாக்கும்' என்றால் பட்டது, சந்தேகமே வேண்டாம் என்று அடித்துச் சொல்வது. சென்னையிலும் துறையூரிலும் அதற்கு 'பட்டிருக்கலாம், யார் கண்டது' என்று அர்த்தம். அணியில் எப்போதும் இங்கிலீஷும் இந்தியும் கலந்து பேசுகிறவளுக்கு, பதற்றத்தில் வீட்டுப் பேச்சு வாயில் வந்திருக்கிறது. அட கடவுளே! நிச்சயம் ஆன புதிதில் ஜெனிஸ் "உன்ன எனக்குப் புடிச்சிருக்காக்கும்" என்று சொல்லப்போய், நான் அழுதுகொண்டு கிடந்தேனே, அது எப்படி எனக்கு மறந்துபோனது?

லிஷா தேன்மொழிக்குப் போன் போட்டாள். இருவரும் சிரித்து, பிறகு அழுதார்கள். தேன்மொழி கேப்டனிடம் சொல்ல, கேப்டன் மேலே சொன்னாள். தமிழ் தெரியாத அவர்களுக்கு இதில் என்ன விளங்கியதோ, பெங்களூர் முகாமுக்கு வரச்சொன்னார்கள். அங்கே நன்றாகச் செய்தால் மறுபடியும் அணி. இல்லையென்றால் அவ்வளவுதான்.

அதற்குள் லிஷாவுக்குப் பேச்சே தடுமாறிப்போனது. மீன் வாங்கினாயா என்றால் "வாங்கினேனாக்..." என்று நிறுத்தி, யோசித்து, "வாங்கினேன்" என்பாள். மகளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று மாமனார் குருசடியில் மெழுகுதிரி ஏற்றினார்.

பாறசாலை ஸ்டேஷனில் ரயில் நகரும்போது ஜன்னலோடு கூடவே நடந்தேன். மனசு கேட்காமல் கேட்டுவிட்டேன்.

"டீமுல திரும்பக் கேறிருவியா மக்கா?"

லிஷா என்னைப் பார்த்தாள்.

"கேறிருவேனாக்கும்."

ரயில் போய்விட்டது. அவள் சொன்னது எந்த ஊர் ஆக்கும் என்று தெரியாமல் நான் பிளாட்பாரத்திலேயே நின்றேன்.